யாருடைய குரல் முதலில்

மன்னார்ப் பட்டினத்தில் உப்புக்குளம் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் அந்த நிவாரணக் கந்தோர் இயங்கியது. படுக்கையறை கணக்குப் பகுதியானது. குசினியில் கடதாசிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறைக்குள் ஒரு மேசையும் ஒரு கதிரையும் போட்டு, அதைத் தொலைபேசி அறை என்று சொல்லிக்கொண்டார்கள். வீட்டுக்காரி வெளிநாடு போனபோது தூக்க முடியாமல் விட்டுப்போன தேக்கு அலுமாரியொன்று நடு மண்டபத்தில் நின்றது. அதில் சேலை தொங்கவேண்டிய இடத்தில்தான் கந்தோரின் சுவிச் இருந்தது.

சுவிச் என்றதும் லைற் போடுகிற சங்கதியை நினைக்கவேண்டாம். கந்தோரிலுள்ள கொம்பியூட்டர், தொலைபேசி எல்லாவற்றின் வயர்களும் வந்து குத்துகிற தட்டையான இரும்புப் பெட்டி அது. அங்கிருந்து ஒரேயொரு வயர் மட்டும் கூரைக்கு ஏறி டிஷ்சுக்குப் போகும். டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாயிரத்தேழு கடைசியில் பட்டினத்து ரெலிபோன் லைன்கள் ஒரு நாள் இருந்தால் நாலு நாள் இல்லை. கைபேசியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அந்த டிஷ் ஒன்றுதான் நம்பக்கூடிய வழி. அது ஒடுங்கின வழியும்கூட.

அந்த அலுமாரிக்குப் பொறுப்பு அன்ரோனெற். பேசாலைப் பெண், முப்பது தாண்டியவள், கலியாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் தாய்க்காரி "கொம்பியூட்டரில ஏதோ" என்று இழுப்பாள். தகப்பன் இன்னாசிமுத்துவுக்குக் கடல்தான் தொழில். ஆனால் கடலுக்குப் போக ஆமியின் பாஸ் வேண்டும், பாஸ் கிடைத்தால் எண்ணெய் இல்லை, எண்ணெய் கிடைத்தால் கடல் மூடியிருக்கும். ஆகவே வீட்டு அடுப்பு எரிந்தது இவளுடைய உழைப்பில். யுத்தம் முடிகிறவரைக்கும் அவள் அந்தக் கந்தோரிலேயேதான் இருந்தாள்.

சமாதான காலத்தில் தட்டச்சுக்காரியாக வந்து சேர்ந்தவள் அவள். டிஷ்சையும் பெட்டியையும் பொருத்தித் தந்த கொழும்பு எஞ்சினியர், மாதம் ஒருமுறை வருவேன், அதுவரைக்கும் ஒருவரும் இதில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யுத்தம் திரும்பத் தொடங்கிப் பாதைகள் கெட்டுப்போன பிறகு அவர் எங்கே வர. முதல் தடவை இன்ரநெற் நின்றபோது கந்தோரே அலுமாரியைச் சுற்றிச் செத்தவீட்டுக்காரர் மாதிரி நின்றது. அன்ரோனெற் பெட்டியோடு வந்த ஆங்கிலக் கைநூலை எடுத்து, பக்கத்தில் அகராதியை விரித்துவைத்துக்கொண்டு இருந்தாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி. விளங்காத பக்கத்தை விளங்கும்வரை விடமாட்டாள், மதியச் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போன நாட்களும் உண்டு. இப்படித்தான் பெட்டிக்குள் கொம்பியூட்டர் வழியாக நுழையவும், எந்த வயரால் என்ன போகிறது என்று பார்க்கவும் பழகினாள்.

பழகியவற்றில் அவளுக்கு மிகப் பிடித்தது முன்னுரிமை கொடுக்கிற பக்கம். தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் லொறியும் பஸ்ஸும் வரிசையில் காய, அம்புலன்சை மாத்திரம் முன்னுக்கு விடுவார்களே, அதேதான். பெட்டியில் பல படிகள் இருந்தன. எந்த வயரை மேல் படியில் வைக்கிறாளோ அதில் வருவது முந்திப்போகும், மற்றவை நின்று போகும். அவள் தொலைபேசி அறையின் வயரை மேல் படியில் வைத்தாள். இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த சனம் ஆஸ்பத்திரிகளில் கிடக்கிற தங்கள் ஆட்களோடு பேசுவது அந்த அறையிலிருந்துதான். வைத்த அன்றைக்கே குரல்கள் தெளிந்தன. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோசத்தில் சொல்லிவிட்டாள்.

முதலில் வந்தவர் கணக்குப் பகுதி இராசேஸ்வரி. "பிள்ளை, வங்கிக்கு அனுப்பிறது நடுவில நிண்டுபோகுது. என்னையும் கொஞ்சம் மேல விடன்" என்றார். வயதில் மூத்தவர், இவள் வேலைக்கு வந்த நாளில் தன் சோற்றில் பாதி கொடுத்தவர். விட்டாள். பிறகு டிரெக்டர் சிங்கராசா கேட்டார். டிரெக்டரைக் கீழே வைப்பது எப்படி? விட்டாள். படம் அனுப்புகிற எட்வேட் டிரெக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டான். விட்டாள். கடைசியில், நிர்வாக சபையில் இருக்கிற பாதர் பின்னேரம் ஈமெயில் பார்க்க வந்தவர், தன் மூலைக் கொம்பியூட்டர் ஆமை வேகத்தில் போகிறது என்று சிரித்துக்கொண்டு சொன்னார். கேட்கக்கூட இல்லை, சொன்னார், அவ்வளவுதான். கத்தோலிக்க ஊரான பேசாலையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாதரைக் கடைசியில் நிற்க விட மனம் வருமா? அவரையும் மேலே விட்டாள். ஒவ்வொருவரும் அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, ஒருவரும் முகம் கோணவும் இல்லை.

லூர்தம்மாவை அந்த வாரம்தான் கந்தோர் வான் சாரதி அபூசாலி முகாமிலிருந்து ஏற்றி வந்தார். அவரும் சிலாவத்துறையிலிருந்து இடம்பெயர்ந்தவர்தான், முகாம் சனத்தின் கதை அவருக்கு அத்துப்படி. "இந்தப் புள்ளைக்கு லைன் எடுத்துக் குடுங்க மகள். இவட மாப்பிள்ளை கொழும்பு ஆஸ்பத்திரில. கால் பழுதாப் போச்சாம்" என்றார்.

லூர்தம்மாவின் குடும்பம் ஒரு காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியது. அவளும் புருசன் அழகையாவும் வயல்களில் கூலி வேலை. ஒரு நாள் வயல் வரம்பில் நடந்துபோன அழகையாவின் காலுக்குக் கீழே மண் வெடித்தது. மன்னாருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கொழும்புக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். கூடப் போக லூர்தம்மாவுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. இடுப்பில் பால் குடிக்கிற பிள்ளை வேறு. இப்போது காலில் சீழ் ஏறிக்கொண்டு வருகிறது, முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் ஆள் தப்பும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அழகையா மாட்டேன் என்கிறான்.

இந்த விசயத்தையெல்லாம் முன்கூட்டியே போனில் சொல்லி, லூர்தம்மாவின் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டது அந்த வார்ட்டில் வேலை செய்கிற அருள்நாயகி என்ற தமிழ்ப் பெண். காலையில் டொக்டர் வந்து போன கையோடு தன் கைபேசியை அழகையாவின் காதில் வைக்க அவள் ஒத்துக்கொண்டிருந்தாள். அவள் தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், உன் மனுசி சரி என்றுதான் சொல்கிறாள் என்று. அவன் நம்பவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அவ வாயால கேட்டாத்தான் ஆச்சு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

அழைப்புக் கிடைத்தது. லூர்தம்மா இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்தாள். அன்ரோனெற் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, நான்தாங்க. கேக்குதா?"

அவன் குரல் வந்தது, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. "லூர்து? ஏய், லூர்துதானே? பேசு."

"பேசுறேங்க. காலை எடுக்கட்டுங்க. நீங்க உசிரோட வந்தாப் போதும்."

"பேசு புள்ள. ஏன் பேச மாட்டேங்கிற?"

அவள் சத்தமாகச் சொன்னாள். பிறகு கத்தினாள். இடுப்பிலிருந்த பிள்ளை வீரிட்டது. அவன் சொன்னதெல்லாம் இவளுக்கு முழுசாகக் கேட்டது. இவள் சொன்ன எதுவும் அவனுக்கு ஒழுங்காகப் போகவில்லை. கர்ர் கர்ர் என்கிறது என்று அருள்நாயகியின் குரல் நடுவில் சொன்னது. அழகையாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. கடைசியாக அவன் சொன்னதை அன்ரோனெற்றும் கேட்டாள்.

"நொண்டியோட பேச என்னா இருக்குன்னு இருக்கியா? சரி புள்ள. இருக்கட்டும்."

லைன் அறுந்தது. லூர்தம்மா ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "நான் பேசினேனே மிஸ். பேசினேன்தானே?" என்று கேட்டாள். அன்ரோனெற் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அருள்நாயகி பிறகு ஒரு தடவை போன் எடுத்துச் சொன்னாள். நாளைக்கு இதே நேரம் இன்னொரு தரம் போனை அவன் காதில் வைக்கலாம். அதற்கு மேல் தள்ளினால் காலை எடுத்தும் பயனில்லை என்று டொக்டர் சொல்கிறாராம்.

அபூசாலி லூர்தம்மாவைத் திருப்பிக் கொண்டுபோன பிறகு அன்ரோனெற் கூரைக்கு ஏறினாள். டிஷ் அசையவில்லை. வயரைத் தடவிப் பார்த்தாள், எலி எதையும் கடித்திருக்கவில்லை. ரெலிபோனை மாற்றிப் பார்த்தாள். எல்லாம் சரி. அவன் சொல்வது வருகிறது, இவள் சொல்வதுதான் போகவில்லை, ஆகவே கந்தோரிலிருந்து வெளியே போகிற பக்கத்தில்தான் நெரிசல் என்று பிடித்துக்கொண்டு, அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு முன்னுரிமைப் பக்கத்தைத் திறந்தாள். வயர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே இலக்கம். காலாண்டு அறிக்கை போகிற வாரம் அது, காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாரமான கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தள்ளாடியில் நிற்கிற அத்தனை லொறிக்கும் அம்புலன்ஸ் என்று பெயர் எழுதிக் கொடுத்தது வேறு யாருமல்ல, அவளேதான். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. அது சொன்னதைச் செய்தது.

தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது அவளுக்கு. அறைந்து என்ன. நாளைக் காலைக்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுதான், எல்லோரையும் கீழே இறக்கவேண்டும்.

யாருக்கும் சொல்லாமல் செய்திருக்கலாம். பத்துத் தட்டுத் தட்டினால் முடிகிற வேலை, ஒரு குஞ்சுக்கும் தெரியவராது. அவள் அப்படிச் செய்யவில்லை. முகத்துக்கு நேரே மரியாதை கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் பறிப்பது களவு என்று அவளுக்குப் பட்டது. எழும்பி மேசை மேசையாகப் போனாள்.

இராசேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நான் என்ன பிழை விட்டனான்?"

"நீங்கள் ஒண்டும் இல்லை அக்கா. பிழை விட்டது நான். மேல விடக்கூடாத ஆக்களை விட்டிட்டன்."

"விடக்கூடாத ஆளோ நான்?" இராசேஸ்வரிக்கு உறைத்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. எட்வேட் தோளைக் குலுக்கினான். பின்னேரம் வந்த பாதருக்கு முன்னாலும் அன்ரோனெற் போய் நின்றாள். பாதர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப என்னை எந்தப் படியில விடப்போறாய்?"

"ஆகக் கீழ, பாதர்."

"ஆகக் கீழயோ?" அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குக் கோவம் வரேல்லையெண்டு சொல்லமாட்டன் பிள்ளை. ஆனா விடு."

டிரெக்டரிடம்தான் இடித்தது. சிங்கராசா பொல்லாத மனிதர் அல்ல. முகாம்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பவுசர் ஓடுவது அவருடைய அறிக்கையை நம்பித்தான். நாளை மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த மாதத்து பவுசர் சந்தேகம் என்று கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். அதை அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார், பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஆயிரக்கணக்கான சனத்தின்ர தண்ணி அன்ரோனெற். ஒரு ஆளின்ர கதைக்காக அதைப் பணயம் வைக்கேலாது. நாளைக்கு மட்டும் என்னை இருக்கிற இடத்தில விடும்."

நியாயமான பேச்சு. அவளுக்கும் அது விளங்கியது, முகாமில் தண்ணீர்க் கான்களோடு நிற்கிற சனத்தை அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தக் கைநூலோடு அவள் கிடந்த நாட்கள் வீண்போகவில்லை.

"சேர், உங்கட அறிக்கை நிண்டு நிண்டு போனாலும் போய்ச் சேரேக்க முழுசாச் சேரும். ஒரு எழுத்தும் குறையாது, கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். பேச்சு அப்பிடியில்லை. பிந்தின பேச்சு பேச்சே இல்லை. இண்டைக்கு அந்த மனுசன் தன்ர பெஞ்சாதி தன்னோட பேச விரும்பேல்லையெண்டு நினைச்சுக்கொண்டு கிடக்குது."

"பிந்தி மதியம் தாண்டிச்செண்டா?"

"தாண்டாது எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீர்." அவர் பேனையை மேசையில் வைத்தார். "நான் உத்தரவாச் சொன்னா?"

"பாஸ்வேர்ட் தாறன் சேர். எங்க என்ன மாத்திறதெண்டும் காட்டித் தாறன். மாத்திறதெண்டா நீங்கள் மாத்துங்கோ. என்ர கையால மாத்தமாட்டன்."

அவர் பாஸ்வேர்ட்டைக் கேட்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. போம் என்று கையைக் காட்டினார். வேலை போனாலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் அலுமாரிக்குப் போய், தொலைபேசி அறையை மட்டும் மேல் படியில் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கீழே இறக்கினாள். பேசாலை பஸ்ஸில் இருக்கும்போது, தகப்பனுக்கு என்ன சொல்வது என்ற யோசனைதான் ஓடியது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டிரெக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் அறிக்கையை அனுப்பத் தொடங்கியிருந்தார். எல்லோரும் எதையோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், நேற்றைய மாதிரியே. லூர்தம்மா பிள்ளையை அபூசாலியின் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். கன்னத்தில் உப்புக் கோடு காய்ந்திருந்தது. அன்ரோனெற் கதவடியில் நின்றுகொண்டாள்.

"என்னங்க. நான்தான்."

அன்ரோனெற் மாதாவே என்று மனதுக்குள் சொன்னாள்.

"லூர்து," என்றான் அவன். "கேக்குது புள்ள."

லூர்தம்மா சுவரில் சாய்ந்தாள். "நேத்தும் பேசினேங்க. தொண்ட கிழியப் பேசினேன். உங்களுக்குத்தான் வந்து சேரல. என்னைய அப்படி நெனச்சிட்டீங்களே."

"நெனச்சிட்டேன்."

"காலை எடுக்கட்டுங்க."

"எடுத்துட்டா வரப்பு வெட்ட ஏலுமா? மூட்ட தூக்க ஏலுமா? ஒன்ன யாரு பாக்கிறது?"

"இத்தன நாளா யாரு பாத்தாங்களாம்? நானேதான் பாத்துக்கிட்டேன்." அவள் அழுதுகொண்டே சண்டை பிடித்தாள். "ஒங்க காலயா நான் கட்டிக்கிட்டேன்? புள்ள அப்பான்னு சொல்லப் பழகிருச்சு, யாரப் பாத்துச் சொல்றது? எடுக்கட்டும். சரின்னு சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

"சரி. எடுக்கட்டும்" என்றான் அழகையா. அவன் அருள்நாயகியிடமும் அதைத் திருப்பிச் சொன்னது கேட்டது.

அந்த நேரம் பார்த்து டிரெக்டரின் கதவு திறந்தது. முகம் சிவந்திருந்தது. அறிக்கை பாதியில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, சுவரில் மணிக்கூடு போய்க்கொண்டிருக்கிறது. நேரே தொலைபேசி அறை வாசலுக்கு வந்தார்.

"கதைச்சு முடிஞ்சுதோ?"

அன்ரோனெற் உள்ளே எட்டிப் பார்த்தாள். லூர்தம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி, வாய் பேசாமல் நின்றாள். இனிப் பேச ஒன்றும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, முடிஞ்சுதோ?" என்று கேட்டாள் அன்ரோனெற்.

லூர்தம்மா ரிசீவரின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். "பேச வேணாங்குறாரு மிஸ். நான் மூச்சு விடுறது அங்க கேக்குதாம். கொஞ்ச நேரம் அப்படியே நிக்கச் சொல்றாரு."

கையை எடுத்துவிட்டு, ரிசீவரை வாயோடு நெருக்கி வைத்து, மெதுவாக மூச்சு விட்டாள். சிங்கராசா மணிக்கூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாசலை விட்டு விலகி, அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் போய் இருந்தார். அன்ரோனெற் உள்ளே வெளிச் சத்தம் போகாமல் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னாலேயே நின்றாள்.